20 கொண்டை ஊசி வளைவு, ஒரே ஒரு பல்பு! ஏற்காடு போகிற பைக்குக்கு எந்த ஹெட்லைட் பல்பு சரி?

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் நிற்கிறது சேர்வராயன் மலையின் இந்த ஊர். சென்னை, பெங்களூரு, கோவை என எங்கிருந்து கிளம்பினாலும் வார இறுதியில் போய் வந்துவிடலாம் என்பதால், சனி ஞாயிறு வந்தாலே பைக்குகள் வரிசை கட்டி ஏறுகின்றன.

ஏறும்போது பிரச்னை இல்லை. பெரும்பாலும் காலை நேரம், நல்ல வெளிச்சம். சிக்கல் இறங்கும்போதுதான். ஏரியில் படகு சவாரி, பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் முடித்து, கடைசியில் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலம் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் வண்டியை எடுக்கிறார்கள். அந்த அழகைப் பார்க்க இருட்டியிருக்க வேண்டும். இருட்டிய பிறகு அந்த 20 வளைவுகளையும் இறங்க, உங்கள் கையில் இருப்பது முன்னால் எரியும் அந்த ஒரு பல்புதான்.

"வண்டியில வெளிச்சமே பத்தலை. எந்த பல்பு போடலாம்?" பைக் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. கடைக்குப் போனால் 80 ரூபாய் பல்பிலிருந்து ஆயிரங்களில் விற்கும் எல்.இ.டி வரை அடுக்கி வைக்கிறார்கள். எல்லாமே "பகல் மாதிரி அடிக்கும் சார்" என்றுதான் விற்கப்படுகின்றன. எது நம் வண்டிக்கு, எது மலைக்கு, எது வெறும் பளபளப்பு? நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பல்பு மீதுதான் குற்றமா?

வெளிச்சம் குறைந்தால் உடனே பல்பைக் கழற்றாதீர்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நான்கு இருக்கின்றன. நான்கிலும் செலவு மிகக் குறைவு.

ஒன்று, ஹெட்லைட் கண்ணாடி. சில மாடல்களில் இது பிளாஸ்டிக். வெயிலில் நின்று நின்று மஞ்சளாகி, கீறல் விழுந்திருக்கும். அதற்குள் எவ்வளவு நல்ல பல்பைப் போட்டாலும் வெளிச்சம் சிதறி வீணாகும்.

இரண்டு, டூம் எனப்படும் உள்பக்க ரிஃப்ளெக்டர். அதன் வெள்ளிப் பூச்சு கறுத்தோ உரிந்தோ இருந்தால் டூமைத்தான் மாற்ற வேண்டும். டூம் வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அதனால் நம் ஊர் ஹெட்லைட்டின் டிம் வெளிச்சம் இடப்பக்கம் சற்று உயர்ந்தும், எதிரே வண்டி வரும் வலப்பக்கம் தாழ்ந்தும் விழும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்காகச் செய்த டூம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் பொருத்தினால், எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிப்பீர்கள்.

மூன்று, வோல்ட். இதுதான் பலரும் கவனிக்காத விஷயம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம், அதற்குப் போய்ச் சேரும் மின்னழுத்தத்தைப் பொறுத்து மிக வேகமாக ஏறி இறங்கும். 13.2 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 12 வோல்ட் மட்டுமே கிடைத்தால், வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். பேட்டரியில் சரியான வோல்ட் இருந்தும், துருப்பிடித்த கனெக்டர், தேய்ந்த சுவிட்ச், மெல்லிய ஒயர் ஆகியவற்றைத் தாண்டி பல்புக்கு வரும்போது அது குறைந்திருக்கும். மெக்கானிக்கிடம் மல்டிமீட்டர் இருக்கும். இன்ஜின் ஓடும்போது, ஹெட்லைட் எரிகிற நிலையில், பேட்டரி முனையில் ஒரு முறை, பல்பு ஹோல்டரில் ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வோல்ட் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி ஒயரிங்தான், பல்பு அல்ல.

நான்கு, ஹெட்லைட்டின் கோணம். சர்வீஸுக்கு விட்டபோதோ, வண்டி ஒருமுறை கீழே சாய்ந்தபோதோ கோணம் மாறியிருக்கலாம். வெளிச்சம் மரக்கிளையிலோ, முன் சக்கரத்துக்கு அருகிலோ விழுந்துகொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு சுவரும் போதும். எப்படி என்று பிறகு பார்ப்போம்.

இந்த நான்கும் சரியாக இருந்து, பல்பின் கண்ணாடி மட்டும் உள்ளே கறுத்திருந்தால், அப்போது பல்பை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் புதிய இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும் வரை ஹெட்லைட்டும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. பகலில் எதிரே வருபவர்களுக்கு நம் வண்டி தெரிய வேண்டும் என்பதற்காக வந்தது. நல்ல விதிதான். ஆனால் ஹாலஜன் பல்பின் ஆயுள் சில நூறு மணி நேரங்கள்தான். பகலிலும் எரிவதால், ராத்திரியில் அதிகம் ஓட்டாதவர்களின் பல்புகூட விரைவில் களைத்துப் போகிறது. "நான் நைட்ல வண்டியே எடுக்கிறதில்லையே, எப்படி பல்பு போச்சு?" என்பதற்குப் பதில் இதுதான்.

ஹெச்-4, ஹெச்.எஸ்-1... என்ன வித்தியாசம்?

ஹெட்லைட் பல்புகளுக்குப் பல நாடுகளில் பொதுவான பெயர் முறை இருக்கிறது. நம் ஊர் பைக்குகளில் அதிகம் காணப்படுபவை இவை.

ஹெச்-4: 12 வோல்ட், 60/55 வாட். ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். 60 வாட் பிரைட்டுக்கு, 55 வாட் டிம்முக்கு. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, ஹிமாலயன் 411 போன்ற வண்டிகளின் ஹாலஜன் மாடல்களில் இருப்பது இதுதான். கார்களிலும் இதே பல்பு பரவலாக உண்டு என்பதால் மலையோர ஊர்களின் சின்னக் கடைகளில்கூடக் கிடைக்க வாய்ப்பு அதிகம். தரநிலைப்படி பிரைட்டில் சுமார் 1,650 லூமென், டிம்மில் சுமார் 1,000 லூமென் வெளிச்சம் தரும். லூமென் என்பது பல்பு வெளியிடும் மொத்த வெளிச்சத்தின் அளவு.

ஹெச்.எஸ்-1: 12 வோல்ட், 35/35 வாட். பார்ப்பதற்கு ஹெச்-4-இன் இரட்டைப் பிறவி போலவே இருக்கும். 125, 150 சிசி வண்டிகள் பலவற்றில் வருவது. வெளிச்சம் ஹெச்-4-இல் ஏறத்தாழப் பாதி.

ஹெச்-7: 55 வாட், ஒரே இழை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று எனத் தனித்தனி விளக்கு உள்ள பெரிய வண்டிகளில் இருக்கும்.

இவை தவிர, ஸ்கூட்டர்களிலும் சிறிய பைக்குகளிலும் இன்னும் சின்ன அடிப்பாகம் கொண்ட 35/35 வாட் பல்புகள் உண்டு. டாமினார் 400, ஹிமாலயன் 450 போன்ற வண்டிகளில் கம்பெனியிலிருந்தே எல்.இ.டி ஹெட்லைட் வருகிறது. அவற்றில் பல்பு மாற்றும் பேச்சே இல்லை. பழுதானால் முழு யூனிட்டாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் வண்டிக்கு எது என்பது வண்டியோடு கொடுத்த கையேட்டில் இருக்கும். அது தொலைந்திருந்தால், பழைய பல்பைக் கழற்றி அதன் உலோக அடிப்பாகத்தைப் பாருங்கள். வகை, வோல்ட், வாட் மூன்றும் பொறித்திருக்கும். கடையில் "அண்ணே, புல்லட்டுக்கு ஒரு பல்பு" என்று கேட்பதைவிட, "அண்ணே, ஹெச்-4, பன்னிரண்டு வோல்ட், 60/55" என்று கேளுங்கள். பழைய பல்பையும் கையோடு கொண்டுபோங்கள்.

வாட் கூடினால் வெளிச்சம் கூடுமா?

இங்கேதான் பலரும் பணத்தையும் சில நேரம் வண்டியையும் இழக்கிறார்கள். 35/35 வண்டியில் 60/55 பல்பு. 60/55 வண்டியில் 100/90 பல்பு. இரண்டுமே பட்டறைகளில் சகஜமாக நடப்பவை. சில வண்டிகளில் பல்பு அப்படியே உட்கார்ந்தும்விடும். அதனால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 35 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பது சுமார் 2.9 ஆம்பியர். 60 வாட் இழுப்பது 5 ஆம்பியர். 100 வாட் இழுப்பது 8 ஆம்பியருக்கு மேல். ஒயரில் உண்டாகும் சூடு, ஆம்பியரின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதாவது 35-லிருந்து 60-க்குப் போனாலும், 60-லிருந்து 100-க்குப் போனாலும், அதே ஒயரிலும் அதே சுவிட்சிலும் சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். முதலில் ஹோல்டர் கறுகும். அடுத்து ஹேண்டில் பாரில் உள்ள டிம்-பிரைட் சுவிட்ச் இளகும். பல்பின் சூட்டில் பிளாஸ்டிக் டூமின் பூச்சும் பொரியும்.

வண்டியின் சார்ஜிங் காயிலுக்கும் ஒரு எல்லை உண்டு. மலையில் இறங்கும்போது இன்ஜின் வேகம் குறைவாக இருக்கும். பிரேக் விளக்கு அடிக்கடி எரியும், ஹாரன் அடிப்பீர்கள், இண்டிகேட்டர் போடுவீர்கள். காயில் தருவதைவிட நீங்கள் இழுப்பது அதிகமானால் பேட்டரி இறங்கும். வோல்ட் குறையும். வோல்ட் குறைந்தால் அந்த 100 வாட் பல்பும் மங்கித்தான் எரியும். எந்த வெளிச்சத்துக்காகச் செலவு செய்தீர்களோ, அது வேண்டிய இடத்தில் கிடைக்காது.

இதற்கு மாற்று உண்டு. வண்டியின் அசல் வாட்டிலேயே பல்பு போட்டு, பேட்டரியிலிருந்து தடிமனான ஒயரில் பியூஸ், ரிலே வைத்து ஹெட்லைட்டுக்கு நேரடி இணைப்பு கொடுப்பது. சுவிட்ச் இப்போது ரிலேவை மட்டும் இயக்கும். பெரிய மின்னோட்டம் சுவிட்ச் வழியாகப் போகாது. வோல்ட் இழப்பு உள்ள வண்டியில் அதே 55 வாட் பல்பு முன்பைவிடத் தெளிவாக எரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் வண்டி வாரன்ட்டியில் இருந்தால் ஒயரை வெட்டாமல், கனெக்டரில் செருகும் வகையை மட்டும் பயன்படுத்துங்கள். அதையும் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வெள்ளையா, மஞ்சளா?

ஏற்காட்டுக்குப் போகிறவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் இந்த மலையில் பனிமூட்டம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காரும். முன் வளைவில் தெளிவாக இருந்த சாலை, அடுத்த வளைவில் காணாமல் போகும்.

பல்பு அட்டையில் 'கெல்வின்' என்று ஒரு எண் இருக்கும். அது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது. எவ்வளவு வெளிச்சம் என்பதை அது சொல்லாது. சாதாரண ஹாலஜன் சுமார் 3,200 கெல்வின். இளமஞ்சள் கலந்த வெள்ளை. 6,000 கெல்வின் என்றால் நீலம் கலந்த வெள்ளை. எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று நினைத்து வாங்குபவர்கள் ஏராளம். ஹாலஜனிலேயே "சூப்பர் ஒயிட்" என்று நீலக் கண்ணாடியோடு வரும் பல்புகள், மஞ்சள் பகுதியை வடிகட்டித்தான் வெள்ளையாகத் தெரிகின்றன. வடிகட்டும்போது வெளிச்சத்தின் ஒரு பகுதியும் போய்விடும். நனைந்த கறுப்புத் தார்ச் சாலையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்படியானால் மஞ்சள் விளக்கு பனியைக் கிழித்துக்கொண்டு போகுமா? பலர் நம்புவது போல இல்லை. பனியின் நீர்த்துளிகள் ஒளி அலையைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. ஆனால் நீலம் கலந்த வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பும்போது கண்ணை அதிகம் உறுத்தும். மஞ்சள் அந்த அளவுக்கு உறுத்தாது. பிரான்ஸில் 1930-களிலிருந்து 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் போட வேண்டும் என்று சட்டமே இருந்தது. பிறகு ஐரோப்பிய நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவிதி வந்தபோது அதைக் கைவிட்டார்கள். ஆக, மஞ்சள் கண்ணுக்கு இதமானது. மந்திரம் எதுவும் இல்லை. சாதாரண ஹாலஜனின் நிறமே மலைக்குப் போதுமானது.

பனியில் உண்மையில் உதவுவது நிறத்தைவிட, வெளிச்சம் விழும் உயரம்தான். பிரைட் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும். டிம் போட்டால் வெளிச்சம் தாழ்ந்து சாலையில் விழும். பனி கூடக் கூட, கை தானாக பிரைட் சுவிட்சுக்குப் போகும். அதை அடக்குங்கள்.

எல்.இ.டி பல்பு போடலாமா?

ஹாலஜன் ஹோல்டரிலேயே செருகும் எல்.இ.டி பல்புகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. மின்சாரம் குறைவாக இழுக்கும், ஆயுள் அதிகம், பளிச்சென்று இருக்கும். இவை உண்மைதான். பிறகு என்ன தயக்கம்?

ஹெச்-4 பல்பை உற்றுப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி உலோகத் தகடு இருக்கும். டிம் எரியும்போது வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் அது தடுக்கிறது. டூமின் மேல் பாதியில் மட்டும் பட்டு, வெளிச்சம் சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. சுவரில் அடித்துப் பார்த்தால் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கோடு போட்ட மாதிரி தெரிவது இதனால்தான். இழையும் தகடும் மில்லிமீட்டர் கணக்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தை வைத்துத்தான் டூமின் வளைவையே வடிவமைக்கிறார்கள்.

எல்.இ.டி பல்பில் இழை இல்லை. இரண்டு பக்கமும் சில்லுகள் ஒட்டியிருக்கும். அவற்றின் அளவும் இடமும் இழையோடு பொருந்தாவிட்டால் அந்தக் கோடு கலைந்துவிடும். வண்டிக்கு அருகில் பளீரென்று வெள்ளை வட்டம் விழும். ஓட்டுபவருக்கு "செம வெளிச்சம்" என்று தோன்றும். ஆனால் தூரத்தில், வளைவின் ஓரத்தில், வெளிச்சம் வேண்டிய இடத்தில் குறைந்திருக்கும். மீதி எதிரே வருபவர் கண்ணுக்குப் போகும். ஹெச்.ஐ.டி எனப்படும் செனான் பல்பை ஹாலஜன் டூமில் போடுவதிலும் இதே சிக்கல்தான். கூடவே, சுவிட்ச் போட்டதும் முழு வெளிச்சம் வர சில விநாடிகள் ஆகும்.

பொருத்துவதிலும் கஷ்டம் உண்டு. எல்.இ.டி பல்பின் பின்பக்கம் சின்ன விசிறியோ தகடோ இருக்கும். அது உட்காராததால் ஹெட்லைட்டின் ரப்பர் மூடியை வெட்டுகிறார்கள், அல்லது கழற்றியே வீசுகிறார்கள். ஏற்காட்டு ஈரத்தில் இரண்டே டிரிப் போய் வந்தால் டூமுக்குள் தண்ணீர் கோத்து நிற்கும்.

எல்.இ.டி மாற்றுப் பல்பே கூடாது என்பதல்ல. ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி மாற்றுப் பல்புகளுக்கு அனுமதி கொடுக்கிறார்கள். ஆனால் எப்படி? குறிப்பிட்ட பல்பை, குறிப்பிட்ட வண்டி மாடலின் ஹெட்லைட்டில் வைத்துச் சோதித்து, அந்த ஜோடிக்கு மட்டும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று அட்டையில் போட்டிருக்கும் பல்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. வண்டியின் முன்பக்கம் எரியும் விளக்கு, 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள ஒருவரின் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. வெளிச்சம் எப்போதும் தாழ்ந்தே இருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் தாழ்த்திக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். கூடுதலாக மாட்டும் ஃபாக் லைட்டுகளும் இதைத் தாண்டக் கூடாது. அவற்றைப் போடுவதானால் தாழ்வாகப் பொருத்தி, தனி சுவிட்ச் வைத்து, எதிரே வண்டி வந்தால் அணைத்துவிடுங்கள்.

இது அபராதத்துக்கான விஷயம் மட்டும் இல்லை. மலைப்பாதையில் எதிரே ஏறி வருபவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் பக்கம் வீட்டுக்குத் திரும்பும் மொபட்காரராக இருக்கலாம். எஸ்டேட் ஆட்களை ஏற்றி வரும் ஜீப்பாக இருக்கலாம். வயதானவர்களுக்கு ஒருமுறை கண் கூசினால் பார்வை திரும்பத் தெளிய அதிக நேரம் பிடிக்கும். கண்புரை இருந்தால் இன்னும் மோசம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒருவர் மூன்று விநாடி எதையும் பார்க்காமல் வந்தால், 25 மீட்டரைக் குருட்டாம்போக்கில் கடந்திருப்பார். அந்த 25 மீட்டருக்குள் ஒரு வளைவும் பள்ளத்தாக்கும் இருக்கின்றன. அவர் தடுமாறினால் வந்து மோதப்போவது உங்கள் வண்டியில்தான்.

கடையில் என்ன பார்த்து வாங்குவது?

• வண்டிக் கையேட்டில் சொன்ன அதே வகை, அதே வாட்.

• பெயர் தெரிந்த நிறுவனத்தின் பல்பு. பிலிப்ஸ், ஓஸ்ராம் போன்றவை பரவலாகக் கிடைக்கின்றன. போலிகளும் உண்டு என்பதால், தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள்.

• பல்பின் அடிப்பாகத்தில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் எண்ணும் இருந்தால், அது சர்வதேசத் தரநிலைப்படி ஒப்புதல் பெற்றது என்பதற்கான குறி.

• "100 சதவிகிதம் கூடுதல் வெளிச்சம்" என்ற வகைப் பல்புகள் அதே வாட்டில் இன்னும் சூடாக எரியும் மெல்லிய இழை கொண்டவை. சாலையின் சில புள்ளிகளில் வெளிச்சம் உண்மையிலேயே கூடும். மொத்த வெளிச்சம் அப்படியே இரட்டிப்பாகாது. ஆயுளும் குறையும். ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வில் இழை சீக்கிரம் அறுந்துபோகும் வாய்ப்பும் உண்டு. வாங்கினால் ஒரு ஸ்பேரும் சேர்த்து வாங்குங்கள்.

நீங்களே மாற்றலாம்... பத்து நிமிஷ வேலை!

இன்ஜினையும் சாவியையும் அணைத்துவிட்டு, பல்பு ஆறும் வரை காத்திருங்கள். ஹாலஜன் பல்பு தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். டூமைக் கழற்றி, பின்னால் உள்ள கனெக்டரை இழுத்து, ரப்பர் மூடியை எடுங்கள். ஸ்பிரிங் கிளிப்பை அழுத்தி விலக்கினால் பல்பு வெளியே வரும்.

புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலில் உள்ள எண்ணெய்ப் பசை, எரியும்போது அந்த இடத்தில் மட்டும் சூட்டை ஏற்றிக் கண்ணாடியைப் பாழாக்கும். உலோக அடிப்பாகத்தைப் பிடியுங்கள். தவறித் தொட்டுவிட்டால், சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

ஹெச்-4-இல் மூன்று காதுகள் இருக்கும். அதில் ஒன்று மட்டும் அகலமானது. அது மேலே வர வேண்டும். சரியாக உட்கார்ந்தால் பல்பு ஆடாது. உட்காரவில்லை என்றால் அரத்தால் தேய்க்காதீர்கள். நீங்கள் வாங்கியது வேறு வகைப் பல்பாக இருக்கலாம். ரப்பர் மூடியை இடைவெளி இல்லாமல் மாட்டி, டிம், பிரைட் இரண்டையும் எரியவிட்டுப் பார்த்த பிறகு டூமை மூடுங்கள்.

ஒரு சுவர், ஒரு டேப்

பல்பு மாற்றிய அன்றே கோணத்தையும் பாருங்கள். சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்க வேண்டும். டூருக்குப் போவது போலவே நீங்கள் உட்காருங்கள். பின்னால் ஆள் வருவார் என்றால் அவரும் உட்காரட்டும். பையும் கட்டியிருக்கட்டும். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்பகுதி எவ்வளவு உயரமோ, சுவரில் அதே உயரத்தில் ஒரு டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்போது டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு டேப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருந்தால் சரி. அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் தாழ்வு. டேப்புக்கு மேலே போனால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறீர்கள். மிகவும் கீழே இருந்தால் உங்களுக்கே சாலை தெரியாது.

ஆளோடும் பையோடும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் எடை ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு தூக்கும். தனியாக ஓட்டும்போது சரியாக இருந்த வெளிச்சம், மனைவியோ நண்பரோ பின்னால் உட்கார்ந்ததும் மேலே போய்விடும். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கைச் சற்று இறுக்கினாலே பெருமளவு சரியாகும்.

எந்த பல்பாலும் முடியாதது

எவ்வளவு நல்ல பல்பு போட்டாலும் கொண்டை ஊசி வளைவில் ஒரு இருட்டு மிச்சமிருக்கும். பைக் சாயும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து சாய்கிறது. வளைவின் உள்பக்கம் வெளிச்சம் கீழே இறங்கி, நீங்கள் திரும்பப்போகும் இடமே இருட்டாக இருக்கும். வண்டியின் உடம்போடு பொருத்திய ஹெட்லைட் என்றால் ஹேண்டிலைத் திருப்பினாலும் அது நேராகவே பார்க்கும்.

ஆகவே மீதியை வேகத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். நல்ல டிம் வெளிச்சம் தோராயமாக 40 மீட்டர் வரை சாலையைக் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். சுதாரிக்க ஒன்றரை விநாடி, பிறகு பிரேக் என்று கணக்குப் போட்டால், காய்ந்த சமதரையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க ஏறத்தாழ 29 மீட்டர் வேண்டும். 60-இல் ஏறத்தாழ 53 மீட்டர். அதாவது 60-இல் போனால், வெளிச்சத்தில் தெரிவதற்குள் நிற்கவே முடியாது. இறக்கத்திலும் ஈரத்திலும் தூரம் இன்னும் கூடும். பனியில் 15 மீட்டர்தான் தெரிகிறது என்றால், ஈரச் சாலையில் 20 கிலோமீட்டர்தான் தாங்கும். சாலையில் மாடு நிற்கலாம், காட்டெருமை குறுக்கே வரலாம், மரக்கிளை விழுந்து கிடக்கலாம்.

வளைவுக்கு முன்னால் ஒருமுறை பிரைட்-டிம் அடித்து, ஹாரன் கொடுங்கள். எதிரே வெளிச்சம் தெரிந்ததும் டிம்முக்கு வாருங்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை விதி. எதிரே வருபவர் பிரைட்டைக் குறைக்கவில்லை என்றாலும் நீங்கள் பதிலுக்குப் போடாதீர்கள். பார்வையை இடப்பக்க வெள்ளைக் கோட்டின் மேல் வைத்து மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

நடுவழியில் பல்பு போனால்? ஹெச்-4-இல் இரண்டு இழைகள் இருப்பதால், டிம் போனாலும் பெரும்பாலும் பிரைட் எரியும். அகலமான, பாதுகாப்பான இடம் வரும் வரை மெதுவாக வர அது போதும். ஆனால் பிரைட்டிலேயே மலை முழுக்க இறங்காதீர்கள். ஓரங்கட்டி, ஸ்பேர் பல்பைப் போடுங்கள். அதனால்தான் வண்டிப் பையில் ஒரு ஸ்பேர் பல்பு, ஒரு பியூஸ், ஒரு சின்ன டார்ச், டூமைக் கழற்ற ஒரு ஸ்குரூ டிரைவர் எப்போதும் இருக்க வேண்டும். பல்பை அதன் பெட்டியோடு ஒரு துணியில் சுற்றி வையுங்கள். செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வளைவு இறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இந்த வாரம் ஏற்காடு கிளம்புகிறீர்களா? இன்று சாயங்காலமே வீட்டுச் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி டிம் போட்டுப் பாருங்கள். கோடு டேப்புக்குக் கீழே இருக்கிறதா, பல்பு கறுத்திருக்கிறதா, ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா? மூன்றும் சரியென்றால் புதுப் பல்புக்கான காசை மிச்சம் பிடித்து, மலையில் நல்ல காபி குடிக்கலாம். சரியில்லை என்றால், கிளம்புவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் புது எல்.இ.டி போட்டுத் தரச் சொல்லி அடம்பிடித்தால், அவர்களையும் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திக் காட்டுங்கள். எட்டு மீட்டர் தள்ளி அவர்களையே நிற்கச் சொல்லி விளக்கைப் போட்டுப் பாருங்கள். கண் கூசினால் அவர்களுக்கே புரிந்துவிடும்.